வெள்ளிக்கிழமை பார்த்த ஆயில்

ஆயில் ஒழுகுதுன்னு சொன்ன உடனே ஜாக்கியைத் தூக்கிக்கிட்டு ஓடுறவங்களைக் கண்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல, டம்பர் ரிப்பேர் செக்‌ஷன்ல காலம் பூரா இருந்துட்டு போர்மேனா ரிட்டயர் ஆனவன் நான். என்கூட வேலை பாத்தவங்களைக் கேட்டுப் பாருங்க. 'அந்தாளு ஒரு நட்டைக் கழட்ட விடறதுக்குள்ள உயிரை வாங்கிருவாரு'ன்னுதான் சொல்லுவாங்க. சொல்லட்டும், எனக்கு வருத்தம் இல்ல.

புதுசா ஸ்பேனர் எடுத்திருக்கிற தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் ஏதாவது எழுதுங்கன்னு கேட்டாங்க. எந்த நட்டை எவ்வளவு முறுக்கணும்கிறதெல்லாம் புத்தகத்துல இருக்கு, படிச்சுக்குங்க. நான் வேற ஒண்ணு சொல்றேன்.

சுரங்கத்துல ஓடுற டம்பர் சாதாரண லாரி இல்ல. வூடு மாதிரி உசரம். கிளட்ச் கிடையாது, கியர் தானா மாறிக்கும். ஒரு தடவை கியர் பாக்ஸ் அடியில ஆயில் சொட்டுதுன்னு ஒரு டம்பரை ஓரங்கட்டிட்டாங்க. கல்லு ஏத்த வண்டி பத்தல. ஆபீஸ்ல இருந்து 'கழட்டுங்க, கழட்டுங்க'ன்னு போனுக்கு மேல போன். அப்ப எங்க ஷிப்ட் இன்சார்ஜா இருந்தவரு வெத்தலையை மென்னுக்கிட்டு, டீசலையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கிட்டு வண்டியைக் கழுவிக்கிட்டே இருந்தாரு. மேனேஜரே நேர்ல வந்து நின்னாரு. இவரு கழுவறதை நிறுத்தல. கழுவி முடிச்சுப் பாத்தா, மேல, ஆயிலை ஆற வைக்கிற கூலருக்குப் போற ரப்பர் ஹோஸ்ல ஒரு வெடிப்பு. அங்க கசிஞ்சது சேஸிஸ் மேல வழிஞ்சு வந்து கியர் பாக்ஸ் அடியில சொட்டியிருக்கு. சொட்டுற இடம் வேற, ஒழுகுற இடம் வேறன்னு அன்னைக்குக் கத்துக்கிட்டேன்.

அந்தப் பாடம் ஒண்ணு போதும், காலத்தை ஓட்டிரலாம்னு நினைச்சேன். ஓட்டியும் ஆச்சு. ரிட்டயர் ஆகி வூட்ல உக்காந்தப்புறம்தான் அது பாதிப் பாடம்னு தெரிஞ்சுது.

பெரம்பலூர்ல ஒரு மாட்டு டாக்டர் இருக்காரு. சர்க்கார் ஆஸ்பத்திரியில இருந்து ஓய்வு வாங்கி வருஷமாச்சு. ஆனாலும் குன்னம் பக்கம், வாலிகண்டபுரம் பக்கம் மாடு கன்னு போட முடியாம தவிச்சா இன்னும் அவருக்குத்தான் போன் போகும். சின்னப் புள்ளையில வந்த இளம்பிள்ளை வாதத்துல எடது காலு சூம்பிப் போச்சு. கிளட்ச் மிதிக்க வழியில்ல. அதனால வயசுல இருக்கும்போதே திருச்சியில ஒருத்தர்கிட்ட இருந்து ஒரு பழைய வெளிநாட்டு ஆட்டோமேட்டிக் காரை வாங்கினாரு. வெண்ணெய்க் கலரு, படகு மாதிரி நீளம். பிரேக்கு, ஆக்ஸிலேட்டர்னு ரெண்டே மிதி. சோளக்கொல்லைக்கு நடுவுல அந்தக் கார் வர்றதைப் பாத்தா, டாக்டர் வந்துட்டாருன்னு மாட்டுக்காரங்க வெந்நீர் போட ஆரம்பிச்சுருவாங்க.

அவரு பையன் இளங்கோ. சிமெண்ட் ஆலைகளுக்குக் கல்லு லோடு அடிக்கிற டிப்பர் லாரிகள் வெச்சிருக்கான். அந்தப் பழக்கத்துலதான் எனக்குப் போன் பண்ணினான்.

"அண்ணே, அப்பா கார் கியர் பாக்ஸ் ஒழுகுது. பழைய கார் வாங்குற ஒருத்தரு கோயம்புத்தூர்ல இருந்து சனிக்கிழமை பாக்க வர்றாரு. அதுக்குள்ள ஒழுகலை மட்டும் நிறுத்திக் குடுங்க, போதும்."

"டாக்டர் வண்டியை விக்கிறீங்களா?"

"வேற என்னண்ணே செய்யறது? அப்பாவால இனி முடியாது."

பெரம்பலூர்ல பஸ்ஸை விட்டு இறங்கினேன். இளங்கோ பைக்ல வந்து ஏத்திக்கிட்டுப் போனான். போற வழியில விஷயத்தைச் சொன்னான். கொஞ்ச நாளைக்கு முன்னாடி நாலுவழிச் சாலையைக் குறுக்க தாண்டும்போது டாக்டர் நடு ரோட்ல நின்னுட்டாரு. வந்த பஸ் பிரேக் அடிச்சு, கார் கதவுக்குப் பக்கத்துல வந்து நின்னிருக்கு. பஸ் டிரைவர் இறங்கி வந்து வாய்க்கு வந்தபடி திட்டியிருக்காரு.

"மிதிக்க முடியலண்ணே அவரால. இருந்த ஒரு காலும் பலம் போயிடுச்சு. சாவியைக் குடுங்கப்பான்னு கேட்டேன். ஒரு வார்த்தை பேசாம எடுத்துக் குடுத்துட்டாரு." அப்பாவை மட்டம் தட்டுற புள்ள இல்ல அவன். பயந்துபோன புள்ள.

டாக்டர் வராந்தாவுல நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு. கார் போர்டிகோவுல நின்னுச்சு. அடியில நன்னாரி சர்பத் கொட்டின மாதிரி சிவப்பா ஒரு குளம். பயந்துராதீங்க, இந்த மாதிரி ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கு ஊத்துற ஆயிலே சிவப்புத்தான்.

"வாங்க போர்மேன். பிணத்துக்கு அலங்காரம் பண்ண வந்தீங்களா?" அப்படீன்னாரு சிரிச்சுக்கிட்டே.

"பாத்துட்டுச் சொல்றேன் டாக்டர், பிணமா இல்லையான்னு."

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான். அவன் கேட்டான், நான் குடுத்துட்டேன். என் காலை நானே நம்பல, அவன் எப்படி நம்புவான்?"

சட்டையைக் கழட்டி மாட்டிட்டுக் காருக்கு அடியில போயிட்டேன். நம்ம தொழில்ல இது ஒரு வசதி.

ஏற்கனவே பாத்த மெக்கானிக், பெட்டியை இறக்கினாத்தான் தெரியும்னு சொல்லியிருந்தாரு. இறக்கலாம், யாரு வேணாம்னா? இறக்கின பெட்டிக்கு உள்ள போடுற சாமான் இந்த நாட்டுல எங்க கிடைக்கும்? சனிக்கிழமை வர்ற ஆளு காரை ஒரு இடத்துலயும் பெட்டியை ஒரு இடத்துலயும் பாத்துட்டுப் போவாரு. நான் கழுவினேன். துடைச்சுக் காய விட்டேன். அப்புறம் இளங்கோ பொண்டாட்டி வசந்திகிட்ட முகத்துக்குப் போடுற பவுடர் கேட்டேன். அந்தப் பொண்ணு என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, "எங்க பாப்பா பவுடர்தான் சார் இருக்கு" அப்படீன்னு எடுத்துட்டு வந்துச்சு. பெட்டி பூரா அப்பி விட்டுட்டு, சாப்பிட்டு வந்து பாத்தா, எடது பக்கத்துல கியர் தண்டு உள்ள நுழையுற இடத்துல மட்டும் பவுடர் சிவந்து நனைஞ்சு கிடக்கு. சின்ன ரப்பர் சீல். வெளியில இருந்தே மாத்தலாம். நெம்பி எடுத்துப் பாத்தேன். ரப்பரா அது, கொட்டாங்கச்சி. மறுநாளே திருச்சி போய், அளவு பாத்து ஒரு சீலும், கூடவே அந்தச் சிவப்பு ஆயிலும் வாங்கிட்டு வந்து, சீலைப் போட்டேன்.

இத்தோட நான் கிளம்பியிருக்கலாம். கேட்ட வேலை முடிஞ்சுது, ஒழுகல் நின்னுச்சு. ஆனா உள்ள எவ்வளவு ஆயில் இருக்குன்னு பாக்காம வர மனசு வரல. அன்னைக்கு ராத்திரியும் அங்கயே தங்கினேன்.

விடிஞ்சா வெள்ளிக்கிழமை. டிப்பர் வெச்சிருக்கிற வூட்ல வெள்ளிக்கிழமைன்னா என்னன்னு நம்ம பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்லவே வேணாம். வண்டிக்குத் தண்ணி ஊத்தி, சந்தனம் குங்குமம் வெச்சு, சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்கிட்டுத்தான் கிளப்புவாங்க. சூடம் காட்டுறதுக்கு முன்னாடி எவனும் சாவியைத் திருப்ப மாட்டான். இளங்கோ அன்னைக்கும் டிப்பர்களை முடிச்சுட்டு, தட்டோட போர்டிகோவுக்கு வந்தான். கார் பானெட்டைத் தூக்கி, கியர் பாக்ஸ் ஆயில் பாக்கிற குச்சியை உருவி, துணியில துடைச்சு, திரும்ப விட்டு எடுத்து என்கிட்டக் காட்டினான்.

"பாருங்கண்ணே, மேல் கோட்டுக்கும் மேல நிக்குது. அத்தனை ஒழுகியும் குறையவே இல்ல."

"எப்பவும் இப்படித்தான் பாப்பியா?"

"ஆமாண்ணே, வாராவாரம். எல்லா வண்டியும் பாத்துட்டுக் கடைசியா அப்பா கார். ஒரு வாரம் விட்டதில்ல. பஸ் மேல வந்துச்சே, அதுக்கு மொதல் வெள்ளிக்கிழமை கூடப் பாத்தேன். ஃபுல்லா இருந்துச்சு."

குச்சியை வாங்கித் துடைச்சுத் திரும்பச் சொருகினேன். "சரி, சூடத்தைக் காட்டிட்டு ஸ்டார்ட் பண்ணு" அப்படீன்னேன். ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச நேரம் ஓட விட்டு, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே எல்லா கியரையும் ஒரு தடவை போட்டுட்டு பார்க்கிங்ல நிறுத்தச் சொன்னேன். இஞ்சின் ஓட ஓட, அதே குச்சியை உருவினேன். நுனி மட்டும் லேசா நனைஞ்சிருந்துச்சு. அவ்வளவுதான். மேல காஞ்சு கிடந்துச்சு.

நீங்க லாரியில ஆரம்பிச்சவங்களா இருந்தா இதை நிதானமாக் கேளுங்க. இஞ்சின் ஆயிலை வண்டியை நிறுத்திட்டுத்தான் பாக்கணும், காலையில கிளப்புறதுக்கு முன்னாடி பாத்தா ரொம்ப நல்லது. ஆட்டோமேட்டிக் பெட்டி அப்படி இல்ல. இஞ்சினுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவுல அண்டா மாதிரி ஒண்ணு இருக்கு. இஞ்சின் ஓடும்போது அது ஆயிலைக் குடிச்சு வெச்சுக்கும். நிறுத்தினா அந்த ஆயில் மெல்ல மெல்லக் கீழ்த் தட்டுக்கு இறங்கிடும். நின்ன வண்டியில குச்சியை விட்டா, இருக்கிறதை விட ஜாஸ்தியாத்தான் காட்டும். சுரங்கத்துல இதைச் சொல்லிச் சொல்லியே எங்க வாய் வலிச்சுது.

ஆக, சீல் வழியா ரொம்ப நாளா ஆயில் குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கு. குச்சி வாராவாரம் நிறைஞ்சிருக்குன்னே சொல்லியிருக்கு. குறைஞ்ச ஆயில்ல பெட்டி கியரைப் பிடிக்காம வழுக்கியிருக்கு, அதுவும் நாலுவழிச் சாலைக்கு நடுவுல. சாவியை வாங்கி வண்டியை நிறுத்தினப்புறம் இன்னும் மோசம். மொத்த ஆயிலும் கீழ இறங்கி, சீலுக்கும் மேல ஏறி நின்னுச்சு. தரையில குளமாச்சு.

இதைக் கண்டுபிடிச்சதுல எனக்குச் சந்தோஷமே இல்ல. யார்கிட்டச் சொல்றது? அப்பாவுக்கும் பொண்டாட்டிக்கும் முன்னாடி 'நீ பாத்த லட்சணம்தான்யா இது'ன்னு இளங்கோகிட்டச் சொல்லணுமா? அவன் அப்பா மேல உசுரையே வெச்சிருக்கிறவன். தனியாக் கூப்பிட்டுச் சொல்லலாம். சொன்னா, அவனும் மனுஷன்தான, 'எப்படியும் வயசாச்சு, ஓட்டாம இருக்கிறதே நல்லது'ன்னு உள்ளயே போட்டு மூடிட்டா? நாளைக்குக் கார் போயிடும். டாக்டர் மிச்ச காலத்துக்கும் தன் காலைக் குத்தம் சொல்லிக்கிட்டே உக்காந்திருப்பாரு. எதுவும் சொல்லாம ஆயிலை ஊத்திட்டுக் கிளம்பினா என்னை யாரும் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. குச்சியைக் கையில வெச்சுக்கிட்டு முழிச்சேன்.

அப்பத்தான் தோணுச்சு. ரெண்டு நாளா அந்த வூட்ல இருக்கேன், அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஓட்டினவரை நான் கேக்கவே இல்ல.

இஞ்சினை நிறுத்திட்டு வராந்தாப் படியில உக்காந்தேன். "டாக்டர், அன்னைக்கு ரோட்ல என்ன ஆச்சு? மொதல்ல இருந்து சொல்லுங்க."

"அதை எதுக்குண்ணே இப்ப?" இளங்கோ குறுக்க வந்தான்.

"உங்கப்பா மாட்டைப் பாக்கிறதுக்கு முன்னாடி மாட்டுக்காரனை நாலு வார்த்தை கேப்பாருல்ல. நானும் கேக்கிறேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "வாலிகண்டபுரத்துல ஒரு பசு. கன்னு குறுக்க திரும்பிக் கிடக்குன்னு போன் வந்துச்சு. ரோட்டோரத்துல நிறுத்தி ரெண்டு பக்கமும் பாத்தேன். பஸ் தூரத்துலதான் இருந்துச்சு. மிதிச்சேன். கொஞ்சம் நகந்துச்சு. பாதியில நின்னு போச்சு. இன்னும் மிதிச்சேன். அடி வரைக்கும் மிதிச்சேன்னுதான் நினைச்சேன்."

"இஞ்சின் என்ன பண்ணுச்சு?"

"கத்துச்சு. டீக்கடையில இருந்தவங்க எல்லாம் எந்திரிச்சுப் பாத்தாங்க. அப்படிக் கத்துச்சு."

இளங்கோ சூடத்தட்டைப் பானெட் மேல வெச்சான்.

"கத்துச்சாப்பா?"

"கத்துச்சு."

"வண்டி நகரல, இஞ்சின் மட்டும் கத்துச்சு?"

"அதைத்தானப்பா சொல்றேன்."

அவன் டிப்பர்க்காரன். கல்லு ஏத்தின வண்டியைத் தானே ஓட்டிப் பழகினவன். நான் வாயைத் தொறக்க வேண்டிய அவசியமே வரல. "அப்ப நீங்க மிதிச்சிருக்கீங்கப்பா. காலு வேலை செஞ்சிருக்கு. பெட்டிதான் வழுக்கியிருக்கு" அப்படீன்னான். அப்புறம் குரலை உசத்தினான். "இதை ஏம்ப்பா அன்னைக்கே சொல்லல?"

"நீ கேக்கலியேப்பா. காலு மரத்துப் போச்சா, கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சா, தலை சுத்துச்சான்னு கேட்ட. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போன, அவரும் அதையேதான் கேட்டாரு. ஓரமாத் தள்ளி நிறுத்திட்டுக் கிளப்பினா, வண்டி ஒண்ணும் நடக்காத மாதிரி வூடு வரைக்கும் ஓடுச்சு. பயத்துல நானே நியூட்ரல்ல தட்டிட்டேனோ, ரெண்டையும் சேத்து மிதிச்சுட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அப்புறம் எதைச் சொல்றது?"

இளங்கோ என் கையில இருந்த குச்சியை வாங்கினான். நுனியில இருந்த அந்த ஈரத்தையே பாத்துக்கிட்டு நின்னான். இஞ்சின் ஓடும்போது நான் என்ன பாத்தேன்னு அவனுக்குத் தெரியும், பக்கத்துலதான நின்னான். யாரும் கேக்காமயே சொன்னான். "ஃபுல்லா இருக்குன்னு பாத்துச் சொன்னது நான்தாம்ப்பா. வாராவாரம் பாத்தேன். தப்பாப் பாத்திருக்கேன்." சொல்லிட்டு அழுதுட்டான். வசந்தி உள்ள போயிருச்சு.

டாக்டர் அவன் பக்கம் திரும்பினாரு. "வாராவாரம் பாத்தியேடா. எந்த வூட்ல புள்ளைங்க அப்பன் வண்டிக்குக் குச்சி பாக்குதுங்க?" அப்படீன்னாரு.

தம்பிகளா, தங்கச்சிகளா, நான் எழுத வந்தது இதுதான். வண்டியைக் கழுவுங்க, பவுடர் போடுங்க, எல்லாம் வேணும். ஆனா ஓட்டினவங்களைக் கேளுங்க. உங்களுக்கு உடம்பு எப்படி இருந்துச்சுன்னு கேக்காதீங்க, வண்டி என்ன சத்தம் போட்டுச்சு, எப்ப நின்னுச்சுன்னு கேளுங்க. வயசானவங்க ஓட்டினா, பொம்பளைங்க ஓட்டினா, கால் சரியில்லாதவங்க ஓட்டினா, வண்டியைப் பாக்கிறதுக்கு முன்னாடியே நாம ஆளைக் குத்தவாளி ஆக்கிடறோம். வண்டிக்கு வாய் இல்ல. ஓட்டினவங்க வாயையும் நாம அடைச்சுட்டா அப்புறம் எதை வெச்சு ரிப்பேர் பாக்கிறது? இது எனக்கு வேலையில இருந்தப்பவே தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் நல்லா வேலை பாத்திருப்பேன். பரவாயில்ல, நீங்க பாருங்க.

குச்சிக் குழாய்ல சின்னப் புனலை வெச்சு, இஞ்சின் ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமா ஆயில் ஊத்தினேன். சூடேறினாத்தான் சரியான அளவு தெரியும். யாராவது ஒரு சுத்து ஓட்டிட்டு வரணும்.

"இளங்கோ, சாவியை அப்பாகிட்டக் குடு" அப்படீன்னேன்.

குடுத்தான். டாக்டர் ஓட்டினாரு, நான் பக்கத்துல, இளங்கோ பின்னாடி. ஓட்டலாமா கூடாதான்னு சொல்ற ஆளு நான் இல்லதான். ஆனா காலம் பூரா டம்பர் டிரைவர்களைப் பாத்தவன். கண்ணாடியைப் பாக்குறாரா, முன்னாடி போற வண்டிக்கு இடம் விடுறாரா, பிரேக்கை எப்ப தொடுறாருன்னு பாத்துக்கிட்டே வந்தேன். என்னை விட நல்லாவே ஓட்டினாரு. குன்னம் ரோட்ல ஒரு புளிய மரத்தடியில நிறுத்தச் சொல்லி, குச்சியைப் பாத்தேன். மேல் கோட்டைத் தொட்டு நின்னுச்சு. அடியில குனிஞ்சு பாத்தேன், காஞ்சு கிடந்துச்சு.

"முடிஞ்சுது டாக்டர்."

"முடிஞ்சுதா? சரி, ரெண்டு பேரும் இறங்கிக்குங்க."

"அப்பா?"

"இறங்குப்பா. ரெண்டு பேரும் பஸ்ல வாங்க."

போயிட்டாரு. இளங்கோவுக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் கிலி. வூட்டுக்கு வந்தப்புறமும் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துக்கிட்டே இருந்தான். பைக்கை எடுத்துட்டுப் பின்னாடியே போறேன்னு கிளம்பினவனை நான்தான் உக்கார வெச்சேன். எனக்கும் உள்ளுக்குள்ள பயம்தான், அதைக் காட்டிக்கல. வசந்தி சாப்பிடக் கூப்பிட்டும் நாங்க ரெண்டு பேரும் எந்திரிக்கல. மதியச் சோறு ஆறிப்போன நேரத்துல அந்த வெண்ணெய்க் கலர் காரு வந்து போர்டிகோவுல நின்னுச்சு.

இளங்கோ ஓடிப் போய்க் கதவைத் தொறந்தான். "இவ்வளவு நேரம் எங்கப்பா போனீங்க?"

"எங்கயும் போகல. சும்மா ஓட்டினேன்."

அவன் பழக்கதோஷத்துல சாவிக்குக் கையை நீட்டினான். டாக்டர் சாவியை உருவித் தன் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, நீட்டின கையைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினாரு.